எல்லோரும் உண்ணும் பந்தி

மைசூர் ஒரு பெரிய ஊர். அரண்மனை ஊர். தசரா ஊர். அந்த ஊரில் அசோகா ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலை வழியே நடந்தால் பிலோமினா தேவாலயத்தின் உயர்ந்த கோபுரங்கள் தெரியும். அதே சாலையில் ஆசம் பள்ளிவாசல் இருக்கிறது. சிறிது தூரம் போனால் அரண்மனையும் கோயில்களும் வந்துவிடும். கன்னடம், உருது, தமிழ், தெலுங்கு எல்லாம் காதில் விழும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி மைசூர் நகரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முஸ்லிம். எனவே அந்த ஊரில் ஒரு கல்யாணம் நடந்தாலும், பள்ளிக்கூட விழா நடந்தாலும், கூட்டம் நடந்தாலும், பந்தியில் பல வழக்கம் உள்ளவர்கள் ஒன்றாக உட்காருவார்கள்.

இது இன்று வந்த பழக்கம் அல்ல. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரின் மன்னராக இருந்தார். மிர்சா இஸ்மாயில் அவருடைய திவான். 1926 முதல் 1941 வரை திவான் பதவியில் இருந்தார். மன்னர் இந்து. திவான் முஸ்லிம். இருவரும் சிறு வயதில் ஒன்றாகப் படித்தவர்கள். வழக்கம் வேறாக இருந்தது. வேலை ஒன்றாக இருந்தது.

பல வழக்கம் உள்ளவர்கள் ஒன்றாக வேலை செய்யலாம். ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் முடியுமா? முடியும். அதற்குச் சமைப்பவரும் பரிமாறுபவரும் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பசியோடு எழுந்தவர்

விருந்து நடக்கிறது. இலை நிறையச் சோறு. கோழிக் குழம்பு மணக்கிறது. பந்தியில் ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருக்கிறார். கோழி எந்தக் கடையில் வாங்கியது என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். குழம்பு வந்ததும் "எனக்கு வேண்டாம்" என்கிறார். ரசமும் அதே கரண்டியால் ஊற்றப்படுகிறது. அதையும் வேண்டாம் என்கிறார். தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டால், "வயிறு சரியில்லை" என்று சிரிக்கிறார்.

வயிறு சரியாகத்தான் இருக்கிறது. பசியும் இருக்கிறது. ஆனால் சொல்ல முடியவில்லை. விருந்து கொடுத்தவர் மனம் நோகும் என்று அவர் பயப்படுகிறார். விருந்து கொடுத்தவரோ, "இவர் நம் வீட்டில் கை நனைக்க விரும்பவில்லை" என்று நினைக்கிறார். இருவரும் நல்லவர்கள். இருவர் மனதிலும் ஒரு முள் தங்கிவிடுகிறது. முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த முள் இல்லை.

ஹலால் என்றால் என்ன?

ஹலால் என்பது அரபுச் சொல். அனுமதிக்கப்பட்டது என்று பொருள். ஹராம் என்றால் தடுக்கப்பட்டது. இந்த இரண்டு சொற்களும் உணவுக்கு மட்டும் உரியவை அல்ல. நேர்மையாகச் சம்பாதித்த பணம் ஹலால். திருடிய பணம் ஹராம்.

முஸ்லிம்களின் புனித நூல் குர்ஆன். தடுக்கப்பட்ட உணவுகள் அதில் சொல்லப்பட்டுள்ளன. அவற்றில் முக்கியமானவை:

தானாகச் செத்த விலங்கு.
இரத்தம்.
பன்றி இறைச்சி.
இறைவன் அல்லாத பிறர் பெயரில் அறுக்கப்பட்டது.

மதுவும் தடுக்கப்பட்டது. மது கலந்த உணவும் அப்படியே.

ஆடு, மாடு, கோழி போன்றவற்றை உண்ணலாம். ஆனால் அறுக்கும் முறை ஒன்று உண்டு. விலங்கு உயிரோடு இருக்க வேண்டும். கத்தி நன்றாகத் தீட்டியதாக இருக்க வேண்டும். இறைவன் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும். கழுத்தில் உள்ள மூச்சுக் குழாய், உணவுக் குழாய், இரத்தக் குழாய்கள் அறுபட வேண்டும். இரத்தம் வடிய வேண்டும். பொதுவாக முஸ்லிம் ஒருவர் இதைச் செய்வார். "பிஸ்மி சொல்லி அறுத்தது" என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே ஒரு கோழித் துண்டைப் பார்த்து அது ஹலாலா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. நிறத்தில் தெரியாது. ருசியில் தெரியாது. கடைக்காரர் சொன்னால்தான் சமைப்பவருக்குத் தெரியும். சமைப்பவர் சொன்னால்தான் உண்பவருக்குத் தெரியும். அதனால் இங்கே எல்லாம் நம்பிக்கையில் நடக்கிறது.

எதற்குத் தடை இல்லை?

அரிசி, பருப்பு, காய், கீரை, பழம், பால், தயிர், நெய், முட்டை எல்லாம் ஹலால்தான். இவற்றுக்குத் தனிக் கடை வேண்டாம். மைசூர் மசால் தோசையை எல்லோரும் சாப்பிடலாம். கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மைசூர் பாக்கையும் எல்லோரும் சாப்பிடலாம்.

மீனை அறுக்க வேண்டியதில்லை. எல்லா முஸ்லிம்களும் மீன் உண்ணலாம். நண்டு, இறால் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனபி என்ற வழிமுறையைப் பின்பற்றுபவர்கள் பொதுவாக நண்டு உண்பதில்லை. ஷாபி வழிமுறையைப் பின்பற்றுபவர்கள் உண்பார்கள். மைசூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனபி வழியினர். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஷாபி வழியினர் பலர். எனவே ஒரு முஸ்லிம் சாப்பிடுவதை வைத்து இன்னொரு முஸ்லிமும் சாப்பிடுவார் என்று முடிவு கட்டக்கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

அறுபது பேருக்குச் சமையல்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மைசூரில் ஒரு மகளிர் குழு. குழுவில் பத்துப் பெண்கள். தமிழ் பேசும் பெண்கள் பாதிப் பேர். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடிகிறது. அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு வேண்டும் என்று குழுவிடம் கேட்கிறார்கள். குழுவுக்கு இது முதல் பெரிய வேலை. நன்றாகச் செய்தால் அடுத்த வேலையும் கிடைக்கும்.

குழுத் தலைவி முதலில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார். எழுத்துக் கற்ற உறுப்பினர் ஒருவரை அழைத்தார். மூன்று கேள்விகளை எழுதச் சொன்னார்.

இறைச்சி சாப்பிடுவீர்களா?
ஹலால் இறைச்சிதான் வேண்டுமா?
வேறு எதை ஒதுக்குவீர்கள்?

பயிற்சி நிலையத்தில் அறுபது பேரிடமும் கேட்டார்கள். பதில்கள் வந்தன. 22 பேர் சைவம். அந்த 22 பேரில் மூன்று பேர் சமணர்கள். அவர்கள் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை உண்பதில்லை. வேரையும் கிழங்கையும் பிடுங்கினால் மண்ணில் உள்ள சிற்றுயிர்கள் சாகும் என்பது அவர்கள் கருத்து. மீதி 38 பேர் இறைச்சி உண்பவர்கள். அவர்களில் 14 பேர் முஸ்லிம்கள். இரண்டு பேர் மட்டும், "எங்களுக்கு ஹலால் இறைச்சி வேண்டாம், சைவமே போதும்" என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த இரண்டு பேரைப் பார்த்துக் குழுவில் ஒரு பெண் முகம் சுளித்தார். தலைவி சொன்னார்: "அது அவங்க விருப்பம். சீக்கியர்ல கூட பல பேரு அப்படி அறுத்த கறிய சாப்பிட மாட்டாங்க. யாரு எதைக் கேட்டாலும் நாம உள்ளதைச் சொல்லணும். அவ்வளவுதான்."

பிறகு கணக்குப் போட்டார்கள். நெய்ச் சோறு, சாம்பார், பொரியல், தயிர், மைசூர் பாக் ஆகியவை அறுபது பேருக்கும். சாம்பாரும் பொரியலும் வெங்காயம், பூண்டு இல்லாமல். கோழிக் குழம்பு 36 பேருக்கு. அதற்கு 6 கிலோ கோழி.

நூற்று இருபது ரூபாய்

கோழி வாங்கப் போகும்போது ஒரு பேச்சு வந்தது.

"அக்கா, பக்கத்துக் கடையில கிலோவுக்கு இருபது ரூபாய் குறைச்சல். 6 கிலோவுக்கு 120 ரூபாய் மிஞ்சும்" என்றார் ஓர் இளம்பெண்.

"அது ஹலால் கடையா?"

"இல்லக்கா. ஆனா குழம்புல போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

தலைவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "போன மாசம் பால்காரர் தண்ணி கலந்தாருன்னு நீ சண்டை போட்டியே. குடிக்கிறப்ப உனக்குத் தெரிஞ்சுதா?"

"பாலக் காய்ச்சினப்பதான் தெரிஞ்சுது."

"தெரியாம இருந்திருந்தா அவரு பண்ணது சரியாப் போயிருக்குமா?"

அந்தப் பெண் தலை குனிந்தார். தலைவி தொடர்ந்தார்: "14 பேர் நம்மை நம்பிக் கை நீட்டுறாங்க. அவங்களுக்குத் தெரியாமப் போகலாம். நமக்குத் தெரியும் இல்ல?"

தெரியாமல் உண்டவர் மேல் குற்றம் இல்லை என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. ஆனால் தெரிந்தே ஏமாற்றிக் கொடுத்தவர் குற்றம் செய்தவர்தான். எந்த மதத்திலும் அது குற்றமே.

இருவரும் மண்டி மொஹல்லாவில் உள்ள ஒரு கடைக்குப் போனார்கள்.

"பாய், நாளைக்குக் காலையில 6 கிலோ கோழி வேணும். ஹலாலா அறுத்துத் தரணும்."

"இங்க எல்லாம் அப்படித்தாம்மா. எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு. ரசீது தருவீங்களா பாய்? கேட்டா காட்டணும்."

"தாராளமா. கடைப் பேரு போட்டுத் தர்றேன். வாங்கிட்டுப் போய் வேற கறியோட கலந்துடாதீங்கம்மா."

கடைக்காரர் கடைசியாகச் சொன்னது முக்கியம். ஹலால் இறைச்சியை வேறு இறைச்சியோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரே கத்தி, ஒரே பலகை, ஒரே எண்ணெய் ஆகியவையும் அப்படித்தான். பன்றி இறைச்சி சமைத்த பாத்திரத்தையோ, அதைப் பொரித்த எண்ணெயையோ இவர்களுக்கான சமையலில் சேர்க்கக்கூடாது. வாடகைப் பாத்திரம் என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பொட்டலத்தின் மேல் உள்ள புள்ளி

"பழத்தோடு ஜெல்லியும் வைக்கலாம்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். கடையிலிருந்து இரண்டு வகைப் பொட்டலங்கள் வந்தன. எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆனால் இரண்டிலும் ஒரு சிறு கட்டம் இருந்தது. ஒரு கட்டத்துக்குள் பச்சை வட்டம். இன்னொரு கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம்.

இந்தியாவில் பொட்டல உணவின் மேல் இந்தக் குறி இருக்க வேண்டும் என்பது சட்டம். பச்சை வட்டம் என்றால் சைவம். பழுப்பு நிறக் குறி என்றால் அசைவம். முன்பு பழுப்புக் குறியும் வட்டமாகவே இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் புரிந்துகொள்ள வசதியாக அது முக்கோணமாக மாற்றப்பட்டது. எழுத்துத் தெரியாதவரும் இதைப் படிக்கலாம்.

தலைவியின் மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பழுப்புக் குறி உள்ள பொட்டலத்தில் இருந்த பட்டியலை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் ஜெலட்டின் என்று இருந்தது. ஜெலட்டின் என்பது விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்று பொட்டலத்தில் இல்லை. அது சைவர்களுக்கும் ஆகாது. முஸ்லிம்களுக்கும் சந்தேகம்.

பச்சைக் குறி உள்ள பொட்டலத்தில் கடல்பாசி இருந்தது. இதைச் சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள். இது கடலில் விளையும் பாசியிலிருந்து கிடைப்பது. நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவது வழக்கம். அந்தப் பொட்டலத்தையே குழு வைத்துக்கொண்டது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. விலங்குப் பொருள் சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டுமே பச்சைக் குறி சொல்லும். பாலும் தேனும் அந்தக் கணக்கில் வராது. மது பற்றி அந்தக் குறி எதுவும் சொல்லாது. சில கேக்குகளில் ரம், ஒயின் சேர்ப்பது உண்டு. அதனால் குறியையும் பார்க்க வேண்டும், பட்டியலையும் படிக்க வேண்டும், வாங்கும் இடத்தில் கேட்கவும் வேண்டும்.

பரிமாறும்போது நடந்தது

சாப்பாட்டு நாள் வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஓர் அட்டை இருந்தது. "கோழிக் குழம்பு – ஹலால்." "சாம்பார் – சைவம். வெங்காயம், பூண்டு இல்லை." "ஜெல்லி – கடல்பாசியில் செய்தது." தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி. ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக்கூடாது என்பது பேச்சு.

முதலில் சைவ உணவைப் பரிமாறினார்கள். பிறகு கோழி. எல்லோரும் கலந்தே உட்கார்ந்தார்கள். முஸ்லிம்களுக்குத் தனி வரிசை இல்லை. சைவர்களுக்கும் இல்லை.

நடுவில் ஒரு தவறு நடந்தது. உதவிக்கு வந்த ஒரு பையன் அவசரத்தில் கோழிக் குழம்புக் கரண்டியைச் சாம்பார் வாளியில் போட்டுவிட்டான். சட்டென்று எடுத்துவிட்டு, "யாரும் பாக்கல அக்கா" என்று மெதுவாகச் சொன்னான்.

தலைவி அந்த வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார். வேறு வாளியில் சாம்பார் கொண்டுவரச் சொன்னார். பந்தியைப் பார்த்து, "இந்த வாளியில கோழிக் கரண்டி பட்டுடுச்சு. அதனால மாத்துறோம். ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்று சொன்னார். யாரும் கோபப்படவில்லை. ஒரு வாளி சாம்பார் சைவர்களுக்கு இல்லாமல் போனது. கோழி சாப்பிட்டவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சைவர்களிடம் உண்மை பேசியவர் தங்களிடமும் உண்மைதான் பேசியிருப்பார் என்று பந்தியில் இருந்த முஸ்லிம்களுக்குத் தோன்றாமலா இருக்கும்? தவறு நடப்பது இயல்பு. மறைத்தால்தான் அது ஏமாற்று ஆகிவிடும்.

தனிக் கரண்டி வேறு, தனிக் குவளை வேறு

சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "தனிப் பாத்திரம், தனிக் கரண்டி என்றால் அது பிரித்து வைப்பது ஆகாதா?"

நல்ல கேள்வி. விடுதலைக்கு முன்பு இரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். சில ஊர்த் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். அங்கே பிரித்தது மனிதர்களை. இவர் தொட்டால் தீட்டு என்று சொல்லிப் பிரித்தார்கள். அது அவமதிப்பு. தீண்டாமை சட்டப்படி குற்றம்.

தனிக் கரண்டி அப்படி அல்ல. அது உணவைப் பிரிக்கிறது. மனிதர்களைப் பிரிக்கவில்லை. கோழிக்கு ஒரு கரண்டி, சாம்பாருக்கு ஒரு கரண்டி. உட்காரும் பாய் ஒன்று. இலை ஒன்று. தண்ணீர்க் குவளை ஒன்று.

சொல்லாமல் திணித்ததால் வந்த வினை

மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. அங்கே கோட்டைக்குள் ரங்கநாதர் கோயிலும் உண்டு, ஜாமியா பள்ளிவாசலும் உண்டு. திப்பு சுல்தான் 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் அங்கே போரில் இறந்தார். அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள்.

வேலூரில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் அவர்களுக்குப் புதிய உத்தரவுகள் போட்டார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது என்றார்கள். தாடியைக் குறைக்கச் சொன்னார்கள். தோல் சேர்ந்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னார்கள். அது மாட்டுத் தோலோ, பன்றித் தோலோ என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. மறுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூரில் கிளர்ச்சி வெடித்தது. இரு பக்கமும் பல உயிர்கள் போயின.

1857-இலும் இது போல நடந்தது. துப்பாக்கித் தோட்டாவின் உறையைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியது. இந்துச் சிப்பாயும் வாயில் வைக்க மறுத்தார். முஸ்லிம் சிப்பாயும் மறுத்தார். பெரும் போராட்டத்துக்கு அது ஒரு பொறி ஆயிற்று. வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் ஒருவர் வாயில் வைக்கும் பொருளைப் பற்றி அவரிடம் உண்மை சொல்லாவிட்டால் எவ்வளவு கோபம் வரும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

பிரசாதமும் நோன்பும்

தசராவில் ஆயுத பூசை வரும். பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் பூசை செய்து பொரி, கடலை, இனிப்பு கொடுப்பார்கள். பல முஸ்லிம்கள் வேலைக்கு உதவுவார்கள். வாழ்த்துச் சொல்வார்கள். ஆனால் படைத்த உணவை உண்ண மாட்டார்கள். அது அவர்கள் சமய நெறி. சிலர் வாங்கிக்கொள்வதும் உண்டு. வாங்காதவரை வற்புறுத்தக்கூடாது. சாமியை அவமதித்தார் என்று நினைக்கவும் கூடாது. வாங்கிய இனிப்பில் கொஞ்சத்தைப் படைப்பதற்கு முன்பே தனியே எடுத்து வைத்தால் போதும். "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள்.

ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் நோன்பு இருப்பார்கள். விடியற்காலை முதல் சூரியன் மறையும் வரை உண்பதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை. இந்த மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வரும். எனவே நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாதத்தில் கூட்டம் நடந்தால் அவர்கள் பங்கைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம். மாலையில் கூட்டம் என்றால் பேரீச்சம்பழமும் தண்ணீரும் தயாராக வைக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் சிறப்புத் தொழுகை உண்டு. அன்று சாப்பாட்டு நேரத்தைச் சிறிது தள்ளி வைத்தால் அவர்களும் பந்தியில் சேர முடியும்.

மறுபக்கமும் உண்டு

முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களிலும் இதே அக்கறையைப் பார்க்கலாம். பிரியாணி விருந்து நடக்கும். சைவ நண்பர்களுக்குத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் சமையல் நடக்கும். சில வீடுகளில் சைவச் சமையல்காரரையே தனியாக அழைப்பார்கள். அப்போதுதான் வந்தவர்கள் மனம் நிறைந்து உண்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளிலும் இதே வழி உண்டு. மதிய உணவோடு முட்டை கொடுக்கும் நாளில், முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுக்கிறார்கள். எந்தக் குழந்தையும் வெறும் தட்டோடு உட்கார வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டு யுகாதி சமயத்தில் கர்நாடகத்தில் ஹலால் இறைச்சி பற்றிப் பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதை வாங்கக்கூடாது என்று சில அமைப்புகள் சொன்னார்கள். பலர் அதை ஏற்கவில்லை. எதை வாங்குவது, எதை உண்பது என்பது அவரவர் உரிமை. ஹலால் வேண்டும் என்பவருக்கும் அந்த உரிமை உண்டு. வேண்டாம் என்பவருக்கும் உண்டு. ஆனால் அடுத்தவர் இலையைப் பார்த்துப் பகைமை வளர்ப்பது யாருக்கும் உரிமை அல்ல. சமைப்பவர் கடமை ஒன்றுதான். கேட்க வேண்டும். கேட்டபடி செய்ய வேண்டும். செய்ததை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அந்த மகளிர் குழு மிச்சம் பிடிக்க நினைத்த தொகை 120 ரூபாய். மிச்சம் பிடிக்கவில்லை. ஆனால் அன்று 60 பேரும் பசி தீர்ந்து எழுந்தார்கள். யாரும் "வயிறு சரியில்லை" என்று சொல்லவில்லை.

நினைவில் கொள்ள

1. சமைக்கும் முன்பே கேட்க வேண்டும். பெயரை வைத்தோ உடையை வைத்தோ முடிவு செய்யக்கூடாது.
2. இறைச்சியை ஹலால் கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.
3. பன்றி இறைச்சி, அதன் கொழுப்பு, மது ஆகியவை பொதுச் சமையலில் சேரக்கூடாது.
4. கத்தி, பலகை, எண்ணெய், கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும்.
5. பொட்டலத்தின் குறியையும் பட்டியலையும் படிக்க வேண்டும்.
6. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர் அட்டை வைக்க வேண்டும்.
7. தவறு நடந்தால் உடனே சொல்லி, உணவை மாற்ற வேண்டும்.
8. வேண்டாம் என்பவரை வற்புறுத்தக்கூடாது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் ஒரு பொது விருந்து நடந்தால் யார் யார் வருவார்கள்? அவர்கள் எதை உண்பார்கள், எதை ஒதுக்குவார்கள்?
2. "யாருக்குத் தெரியப் போகிறது?" என்ற சொல்லை நீங்கள் எங்கெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்? அதனால் என்ன நடந்தது?
3. தனிக் கரண்டிக்கும் தனிக் குவளைக்கும் என்ன வேறுபாடு?
4. உங்கள் வீட்டில் உள்ள மூன்று பொட்டலங்களை எடுங்கள். பச்சைக் குறி எதில் இருக்கிறது? பழுப்புக் குறி எதில் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.
5. மேலே உள்ள மூன்று கேள்விகளைப் போல, உங்கள் ஊர் விருந்துக்கு ஏற்ற கேள்வித் தாள் ஒன்று தயார் செய்யுங்கள்.